அடக்கிய விரிவு எங்கே போகும்? ஈயமில்லாச் சால்டரும் எஃப்ஆர்-4 போர்டும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சந்தைக்கு வரும் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் ஈயம் கூடாது என்றது ஆர்ஓஎச்எஸ் ஆணை. அதுவரை சால்டர் (மின்னணுப் பாகங்களைப் போர்டில் ஒட்டவைக்கும் உலோகக் கலவை) என்றால் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்தது. 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகும். அதன் இடத்தைப் பிடித்தவற்றில் பரவலானது சாக்-305. வெள்ளீயத்தோடு 3 சதவீதம் வெள்ளி, அரை சதவீதம் செம்பு. இது உருக 217 முதல் 220 டிகிரி வேண்டும். உருகுநிலையில் ஏறியது முப்பத்துச் சொச்சம் டிகிரிதான். ஆனால் சால்டரை உருக்கி ஒட்டவைக்கும் ரீஃப்ளோ அடுப்பில் 220 டிகிரியை ஒட்டி நின்ற உச்ச வெப்பநிலை 245-க்குப் போயிற்று. கனமான சர்க்யூட் போர்டுகளில் 260 வரை ஏறியது.

சால்டரை மாற்றும்போது எல்லோர் கவனமும் சால்டரின் மேல்தான் இருந்தது. இணைப்பு பலமாக இருக்குமா, வெள்ளீய மீசை எனும் மயிரிழை போன்ற உலோக ஊசிகள் முளைக்குமா, அடுப்பின் வேகத்தை எப்படி வைப்பது என்றெல்லாம் பேசினார்கள். அடிவாங்கியதோ சால்டரைத் தாங்கி நின்ற போர்டு. அது கண்ணாடித் துணியில் எபாக்ஸி பிசின் ஊறவைத்து, அடுக்கி, அழுத்தி, வேகவைத்த பலகை. தொழிலில் அதன் பெயர் எஃப்ஆர்-4. பல ஆண்டுகளாக யாரும் பெரிதாகக் குறை சொல்லாத அந்தப் பலகையில், குறிப்பாகத் தடிமனான பல அடுக்குப் போர்டுகளில், அடுக்குகளிலுள்ள தடங்களை மேலும் கீழுமாக இணைக்கும் துளைகளின் செம்புச் சுவர் அறுந்தது; அடுக்குகள் பிரிந்து கொப்புளம் கட்டின. இந்தக் கட்டுரை முதன்மையாக அந்தச் செம்புச் சுவரைப் பற்றியது. இழை சேர்த்த பிசின் பலகையில் வெப்ப விரிவைக் குறைப்பது என்ற வேலையின் எல்லாச் சிக்கலும் அந்த ஒரு துளைக்குள் அடங்கியிருக்கிறது.

வெட்டிப் பார்த்தால் தெரிவது

பழுது பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். போர்டு சோதனை மேசையில் ஒழுங்காக வேலை செய்யும். கருவிக்குள் மாட்டி, உள்ளே சூடேறியதும் ஏதோ ஒரு சிக்னல் அறுந்துபோகும். கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து மீட்டர் வைத்தால் இணைப்பு இருக்கிறது என்று காட்டும். சூட்டில் போர்டு தடிமன் வாக்கில் விரிந்து செம்பின் விரிசலைத் திறக்கிறது; ஆறியதும் சுருங்கி, அறுந்த இரண்டு விளிம்புகளையும் மறுபடி ஒட்ட வைத்துவிடுகிறது. அறை வெப்பநிலையில் எத்தனை தடவை அளந்தாலும் இது சிக்காது. ‘பழுது எதுவும் காணப்படவில்லை’ என்ற சீட்டோடு திரும்பிப் போகும் போர்டுகளில் இந்த வகையும் உண்டு.

சந்தேகப்படும் துளையை அறுத்தெடுத்து, தெளிந்த பிசினில் பதித்து, துளையின் நடு அச்சு வரும்வரை தேய்த்து, மெருகேற்றி, செம்பின் மணிகள் தெரியும்படி லேசாக அரித்து நுண்ணோக்கியில் வைத்தால் கதை விளங்கும். இருபுறமும் 20 முதல் 25 மைக்ரான் தடிமனில் செம்புச் சுவர். அதையொட்டிக் கண்ணாடி நூல்களின் வெட்டுமுகம். ஒவ்வொரு இழையும் 5 முதல் 9 மைக்ரான் விட்டத்தில் சின்ன வட்டமாகத் தெரியும். நூலுக்கும் நூலுக்கும் இடையில் பிசின். விரிசல் போர்டின் நடுத்தடிமனை ஒட்டி, இரு சுவரிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், கிடையாக ஓடுகிறது. அப்படியென்றால் துளையைச் சுற்றி முழு வளையமாக அறுந்திருக்கிறது என்று பொருள். மேற்பரப்பில் இன்னொரு தடயம் உண்டு. துளையைச் சுற்றியுள்ள செம்பு வட்டின் வெளி விளிம்பு கொஞ்சம் தூக்கிச் சாய்ந்திருக்கும். துளைக்கு அருகில் செம்புச் சுவர் போர்டைப் பிடித்து நிறுத்துகிறது, சற்றுத் தள்ளி இருக்கும் பகுதி தடையில்லாமல் புடைக்கிறது; நடுவில் மாட்டிய வட்டு சாயாமல் என்ன செய்யும்?

இந்தப் படத்தைப் பார்த்ததும் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது செம்பு முலாம் பூசியவர்தான். சுவர் மெல்லிசாக இருக்கிறதா, செம்பு நொறுங்கும் தன்மையோடு படிந்திருக்கிறதா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பல இடங்களில் விடையும் அங்கேயே கிடைத்துவிடும். ஆனால் சுவர் 25 மைக்ரான் இருக்கிறது, செம்பு நன்றாக இழுபடுகிறது, அப்படியும் அறுகிறது என்றால் செம்பைப் பிடித்து இழுத்தது எது என்று பார்க்க வேண்டும்.

கணக்கு

ஒரு பொருள் ஒரு டிகிரி சூடேறும்போது தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு விரிந்தால் அதன் விரிவுக் கெழு 1 பிபிஎம். செம்புக்கு 17. எஃப்ஆர்-4 பலகைக்கு நீள அகலத் தளத்தில் 14 முதல் 17. இந்தப் பொருத்தம் பலகைக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம். மேற்பரப்பில் ஓடும் செம்புத் தடங்கள் பிய்த்துக்கொள்ளாமல் இருப்பது இதனால்தான். தடிமன் திசையில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே இரண்டு எண்கள். பிசின் விறைப்பாக இருக்கும்வரை 50 முதல் 70 பிபிஎம். ரப்பர் போல் இளகிய பிறகு 200 முதல் 300. விறைப்பிலிருந்து இளக்கத்துக்கு மாறும் வெப்பநிலையை எல்லோரும் டிஜி என்பார்கள். பழைய சாதாரண எஃப்ஆர்-4-க்கு அது 130, 140 டிகிரி.

நடுத்தரமான எண்களை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். டிஜி 140, அதற்குக் கீழே 60 பிபிஎம், மேலே 280. போர்டு 25 டிகிரியிலிருந்து 260-க்குப் போகிறது. முதல் 115 டிகிரியில் விரிவு 0.69 சதவீதம். அடுத்த 120 டிகிரியில் 3.36 சதவீதம். மொத்தம் 4.05. அதே ஏற்றத்தில் செம்பு விரிய நினைப்பது 0.40 சதவீதம் மட்டுமே. 2.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள போர்டில் இதை மைக்ரானாக்கினால், பலகை 97 மைக்ரான் உயர்கிறது, செம்பு 10 மைக்ரானுக்கும் குறைவாக உயர விரும்புகிறது. பலகை முழுவதையும் செம்பின் மேல் சுமத்திவிடுவதில்லை. சுவரை ஒட்டிய பிசின் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். ஆனாலும் செம்பு தன் மீள்தன்மை எல்லையை எப்போதோ தாண்டி, திரும்பி வராத அளவுக்கு நீட்டப்படுகிறது. ஒவ்வொரு ரீஃப்ளோவிலும் இது நடக்கும். போர்டின் இரு பக்கமும் பாகம் பொருத்த இரண்டு தடவை. பாகம் கழற்றி மாற்றினால் கூடுதலாக இரண்டு.

பழைய சால்டர் காலத்தில் உச்சம் 220 என்று வைத்துக்கொண்டால் மொத்த விரிவு 2.93 சதவீதம்தான். உச்சம் 40 டிகிரி கூடியதால் வந்த 1.12 சதவீதமும் டிஜிக்கு மேலே உள்ள செங்குத்துச் சரிவில் ஏறியது. ஏறிய டிகிரி கொஞ்சம், விலை அதிகம் என்பது இதனால்தான். இப்படித் திரும்பத் திரும்ப நீட்டிச் சுருக்கும் உலோகத்தின் ஆயுள், நீட்சிக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஏறக்குறைய அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். நீட்சி ஒன்றரை மடங்கானால் ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும்.

தடிமன் திசையில் மட்டும் ஏன் இவ்வளவு?

எபாக்ஸி பிசின் தனியாக இருந்தால் விறைப்பு நிலையில் எல்லாத் திசையிலும் 60 பிபிஎம் அளவில் விரியும். கண்ணாடி இழை 5.4. இழையைச் சேர்த்ததும் விரிவு குறைகிறது என்றுதான் பாடத்தில் படிக்கிறோம். இழையின் நீளவாட்டில் அது உண்மை. கண்ணாடியின் விறைப்பு 72 கிகாபாஸ்கல், பிசினுடையது 3. பலசாலி சொன்னபடி பலவீனன் கேட்க வேண்டியதுதான். கன அளவில் பாதி இழை, பாதி பிசின் என்றால் நீளவாட்டில் வெறும் 7.6 பிபிஎம் என்று கணக்கு வருகிறது.

குறுக்குவாட்டில் கதை வேறு. பிசினை ஒரு திசையில் விரியவிடாமல் பிடித்தால் அது அமுங்கிக் காணாமல் போய்விடாது, பக்கவாட்டில் பிதுங்கும். ஒரே திசையில் இழை ஓடும் பலகைக்கு இதைக் கணக்கிட ஷேப்பரியின் சூத்திரம் இருக்கிறது. அதில் இழையின் பங்கு பத்து சதவீதம் என்று போட்டுப் பாருங்கள். நீளவாட்டு விரிவு 20 பிபிஎம்முக்கு இறங்கும். குறுக்குவாட்டு விரிவு 67-க்கு ஏறும். வெறும் பிசினின் 60-ஐ விட இது அதிகம்! விரிவைக் குறைக்கச் சேர்த்த பொருள் ஒரு திசையில் விரிவைக் கூட்டிவிட்டது.

சர்க்யூட் போர்டில் நிலைமை இன்னும் கடுமை. துணி நெசவில் இழை நீளத்திலும் ஓடுகிறது, அகலத்திலும் ஓடுகிறது. பிசினை இரண்டு திசையிலும் பிடித்தாயிற்று; மிச்சம் ஒரே வழி, தடிமன். இரண்டு திசையில் முற்றாகப் பிடிக்கப்பட்ட ஓர் அடுக்கு மூன்றாவது திசையில் எவ்வளவு விரியும் என்பது அதன் பாய்சான் விகிதத்தை, அதாவது ஒரு திசையில் அமுக்கினால் பக்கவாட்டில் எவ்வளவு பிதுங்கும் என்ற எண்ணை, பொறுத்தது. விறைத்த பிசினுக்கு அது 0.35; தடிமன் விரிவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இளகிய பிசினுக்கு 0.5-ஐ நெருங்கும், அப்போது மூன்று மடங்கு. பிசினின் இயல்பான விரிவு டிஜிக்குக் கீழே 60, மேலே 180 என்று வைத்து, பலகையில் பிசின் பாதி என்று கொண்டால், தடிமன் திசையில் கீழே 65, மேலே 270 பிபிஎம் வருகிறது. அளந்து கிடைக்கும் எண்களும் இதையொட்டியே இருக்கின்றன. இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு பொருந்துவதைப் பார்க்கும்போது, தடிமன் விரிவை பிசினின் ‘மோசமான குணம்’ என்று மட்டும் சொல்வது நியாயமில்லை என்று படுகிறது. அதில் பாதிக்கு மேல் கண்ணாடித் துணியின் கைங்கரியம்.

டிஜியைத் தாண்டியதும் தளத்தில் விரிவு கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததே. அங்கே அது கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். இளகிய பிசின் கண்ணாடியோடு மல்லுக்கட்ட முடியாமல் போகிறது. தளத்தில் கண்ணாடியின் ராஜ்யம்.

எண்பதுகளில் படித்த பாடம்

இழையை வைத்தே விரிவை வெல்லலாம் என்ற முயற்சி ஈயமில்லாச் சால்டருக்கு வெகு முன்பே நடந்திருக்கிறது. 1980-களில் கால் இல்லாத பீங்கான் சிப்பு உறைகளைப் போர்டின் மேல் நேரடியாகச் சால்டர் செய்யத் தொடங்கினார்கள். பீங்கானின் விரிவு 6, 7 பிபிஎம், போர்டுடையது 15. காலும் இல்லை, வளைந்துகொடுக்க வேறு எதுவும் இல்லை. வெப்பச் சுழற்சியில் சால்டர் இணைப்புகள் வெடித்தன. அதனால் போர்டின் தள விரிவைப் பீங்கான் அளவுக்கு இறக்க வேண்டியிருந்தது.

ஒரு வழி, நடுவில் செம்பு–இன்வார்–செம்புத் தகடு வைப்பது. இன்வார் என்பது இரும்பும் 36 சதவீதம் நிக்கலும் கலந்த, அறை வெப்பநிலையை ஒட்டி 1.2 பிபிஎம் அளவே விரியும் உலோகம். 1896-ல் இதைக் கண்டறிந்த சார்ல் எடுவார் கியோமுக்கு 1920-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இன்னொரு வழி, கண்ணாடிக்குப் பதில் கெவ்லார் போன்ற அராமிட் இழை. அது நீளவாட்டில் சூடேறினால் சுருங்கும். தளத்தில் எண்கள் அழகாக இறங்கின. பீங்கான் உறைகளின் சால்டர் பிழைத்தது.

ஆனால் தளத்தில் இறுக்க இறுக்கத் தடிமனில் பிதுங்கல் கூடியது. சால்டரில் இருந்த தொல்லை துளையின் செம்புச் சுவருக்கு இடம் மாறியது. அராமிடுக்கு வேறொரு கோளாறும் உண்டு. நீளவாட்டில் சுருங்கும் அதே இழை குறுக்குவாட்டில் 50 பிபிஎம்முக்கும் மேல் விரியும். ஒவ்வொரு இழையைச் சுற்றியும் பிசின் ஒரு திசையில் ஒன்றும் மறு திசையில் வேறொன்றுமாக இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுந்தன. போதாக்குறைக்கு அராமிட் ஈரத்தையும் உறிஞ்சும். கார்பன் இழையும் வேலைக்கே ஆகாதது அல்ல. அதன் நீளவாட்டு விரிவும் சுழியத்துக்குச் சற்றுக் கீழே. ஆனால் மின்சாரம் கடத்தும் இழையைத் துளைகளுக்கு நடுவே ஓடவிட்டால் அதைச் சுற்றிக் காப்பு கட்டுவதிலேயே பாதி வேலை போய்விடும்.

என் பார்வையில் அந்தக் காலகட்டத்தின் பயன் இதுதான். இழைக்குத் திசை உண்டு. அது ஒரு திசையில் தரும் அடக்கத்தை இன்னொரு திசையில் வசூலித்துவிடும். மூன்று திசையிலும் விரிவு குறைய வேண்டுமென்றால் பிசினுக்குள்ளேயே கைவைக்க வேண்டும். ஈயமில்லாச் சால்டர் வந்தபோது லேமினேட் (துணியும் பிசினும் சேர்ந்த அடுக்குப் பலகை) செய்பவர்கள் போனதும் அந்த வழியில்தான்.

பிசினுக்குள் செய்த மாற்றங்கள்

முதல் மாற்றம் டிஜியை உயர்த்துவது. மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகளைக் கூட்டினால் பிசின் இளக அதிகச் சூடு வேண்டும். இரண்டு கைகளுக்குப் பதில் மூன்று, நான்கு கைகள் உள்ள எபாக்ஸிகளைக் கலந்து 170, 180 டிகிரிக்குக் கொண்டுபோக முடியும். சயனேட் எஸ்டர், பிஸ்மாலிமைட்–டிரையசின், பாலிமைட் போன்ற வேறு வகைப் பிசின்கள் அதற்கும் மேலே போகும். விலையும் மேலே போகும், அழுத்தி வேகவைப்பதும் கடினமாகும்.

இரண்டாவது, பிசினில் சிலிக்காத் தூளைக் கலப்பது. உருக்கிக் குளிரவைத்த சிலிக்காவின் விரிவு 0.5 பிபிஎம் மட்டும். இழைக்கும் தூளுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. உருண்டையான துகளுக்குத் திசை கிடையாது. அது பிசினின் விரிவை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி குறைக்கும். பிசினின் சொந்த விரிவு குறைந்தால் கண்ணாடித் துணி தடிமன் திசைக்குப் பிதுக்கித் தள்ளுவதற்கே சரக்கு குறைகிறது.

இந்த இரண்டில் எது மேல் என்ற கேள்விக்கு மேலே போட்ட கணக்கையே நீட்டிப் பார்க்கலாம். டிஜியை மட்டும் 175-க்கு உயர்த்தி விரிவு எண்களை அப்படியே விட்டால், 150 டிகிரிக்கு 60, மீதி 85 டிகிரிக்கு 280, மொத்தம் 3.28 சதவீதம். டிஜியை 140-லேயே வைத்து, தூளைச் சேர்த்து 60-ஐ 45 ஆகவும் 280-ஐ 230 ஆகவும் குறைத்தால், அதுவும் 3.28 சதவீதம். இரண்டாவது இலக்கம் வரை ஒன்றாக வந்தது நான் எடுத்த எண்களின் தற்செயல். ஆனால் இரண்டு வழியும் தோளோடு தோள் நிற்கின்றன என்பது தற்செயல் இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 2.63. தொடங்கிய இடம் 4.05 என்பதை நினைவில் வைத்தால், ஈயமில்லாச் சால்டரின் 260 டிகிரியிலும் போர்டு இப்போது பழைய சால்டரின் 220 டிகிரியில் விரிந்ததைவிடக் குறைவாகவே விரிகிறது. செம்பின் 0.40-ஐக் கழித்து ஒப்பிட்டால் 3.65 என்றிருந்த வேறுபாடு 2.23 ஆகிறது. வர்க்க விதிப்படி செம்புச் சுவரின் ஆயுள் இரண்டரை மடங்குக்கும் சற்று மேல்.

அப்படியானால் தூளை இன்னும் இன்னும் கொட்டலாமே? சிப்புகளை மூடும் கறுப்பு வார்ப்புக் கலவையில் எடையில் 80, 90 சதவீதம் வரை சிலிக்கா இருக்கிறது. விரிவு 10 பிபிஎம் பக்கம் இறங்கிவிடுகிறது. பிசின் ஊறவைத்த துணியான ப்ரீப்ரெக்கில் அது நடக்காது. அங்கே பிசின் திரவமாகத் துணிக்குள் ஊற வேண்டும். ஒரு நூலுக்குள் நூற்றுக்கணக்கான இழைகள் நெருக்கமாகக் கிடக்கின்றன. இழைகளுக்கு இடைப்பட்ட சந்து ஒரு சில மைக்ரான்கூட இருக்காது. துகள் அதைவிடப் பெரிதானால் துணி வடிகட்டியாகிவிடும்: தூள் நூலின் வெளியே தங்கும், வெறும் பிசின் மட்டும் உள்ளே போகும். நூலுக்குள் ஓர் விரிவு, வெளியே ஓர் விரிவு. துகளை மைக்ரான் அளவுக்கும் கீழே பொடித்தால் மேற்பரப்பு பெருகி, பிசின் கூழாகக் கெட்டியாகி நூலுக்குள் நுழையவே மறுக்கும். காற்றுக்குமிழ் மிஞ்சும். துகள்களை உருண்டையாகச் செய்வதும், சிலேன் பூசிப் பிசினோடு ஒட்ட வைப்பதும், பல அளவுகளைக் கலந்து இடுக்குகளை நிரப்புவதும் இந்த எல்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவைக்கும் வழிகள். சிலேன் பூச்சைச் சிக்கனம் செய்வது எனக்கு உடன்பாடில்லாத சிக்கனம். பிசினும் துகளும் ஒட்டாவிட்டால், சுற்றிலும் வெற்றிடம் வைத்துக்கொண்டு துகள் சும்மா உட்கார்ந்திருக்கும். பிசின் தன் போக்கில் விரியும், ஈரம் அந்த இடைவெளியில் குடியேறும்.

சூட்டில் சுருங்கும் தூள்களும் உண்டு. சிர்கோனியம் டங்ஸ்டேட் எல்லாத் திசையிலும் ஏறத்தாழ 9 பிபிஎம் சுருங்கும். கேட்க இனிக்கிறது. அதன் அடர்த்தி 5, பிசினுடையது 1.2. ஊறவைக்கும் தொட்டியில் அடியில் போய்ப் படிந்துவிடும் என்பதிலிருந்து சிக்கல் தொடங்குகிறது, விலை பிறகு வருகிறது.

மூன்றாவது மாற்றம் நேரடியாக விரிவைப் பற்றியது அல்ல, ஆனாலும் அதில்லாமல் மற்ற இரண்டும் நிற்காது. பழைய எஃப்ஆர்-4-ஐ இறுகவைத்தது டைசையன்டையமைடு, பேச்சு வழக்கில் டைசி. செம்போடு நன்றாக ஒட்டும், துளையிட எளிது. ஆனால் அப்படி இறுகிய பிசின் 300 டிகிரியை ஒட்டியே சிதையத் தொடங்கும். 260-ல் பல தடவை நிறுத்தினால் அதற்கு முன்பே தளரும். பினாலிக் நோவோலாக்கால் இறுகவைத்தால் சிதையும் வெப்பநிலை 340 டிகிரி வரை போகிறது. ஈரம் பிடிப்பதும் குறைகிறது. ஈரம் ஏன் முக்கியம் என்றால், பலகைக்குள் அடைபட்ட நீராவியின் அழுத்தம் 220 டிகிரியில் 23 பார் வரை போகக்கூடும். 260-ல் அது 47 பார். சால்டரை மாற்றியதில் நீராவியின் பலம் இரட்டிப்பானது. அடுக்குப் பிரிந்த போர்டுகளில் பலவற்றுக்கு விரிவும் ஆவியும் கூட்டாளிகள். போர்டைச் சால்டருக்கு முன் நூறு டிகிரிக்குச் சற்று மேல் சில மணி நேரம் வாட்டி எடுப்பது இதற்காகத்தான்.

அளப்பதும் தாளைப் படிப்பதும்

விரிவை அளக்க ஆறு, ஏழு மில்லிமீட்டர் சதுரத் துண்டு ஒன்று போதும். செம்பைக் கரைத்தெடுத்த துண்டின் மேல் மெல்லிய குவார்ட்ஸ் கம்பி ஒன்று லேசாக உட்கார்ந்திருக்கும். நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேற்ற, கம்பி எவ்வளவு உயர்கிறது என்று கருவி வரைந்துகொண்டே போகும். கிடைப்பது இரண்டு சாய்கோடுகள். அவை முழங்கை போல் மடங்கும் இடம்தான் டிஜி. முதல் தடவை சூடேற்றும்போது கோடு சில சமயம் கோணல்மாணலாக வரும். அழுத்தத்தில் அடைபட்டிருந்த உள்தகைவு அப்போது தளர்கிறது. ஆகவே இரண்டாம் ஏற்றத்தில் வருவதையே கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டாம் ஏற்றத்தில் டிஜி குறிப்பிடும்படி உயர்ந்தால், பலகை முதலில் சரியாக வேகவில்லை என்று அர்த்தம்.

லேமினேட் விற்பவர் தரும் தாளில் டிஜியைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்குபவரும் அதை மட்டும் பார்த்து, 140-ஐ விட 170 நல்லது என்று முடிவுகட்டிவிடுவார். மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் அது எவ்வளவு அரைகுறையான முடிவு என்று தெரியும். தாளில் தேட வேண்டியது 50-லிருந்து 260 டிகிரி வரை தடிமன் விரிவின் மொத்தச் சதவீதம். டிஜி, கீழ்ச்சாய்வு, மேல்சாய்வு மூன்றையும் ஒரே எண்ணில் அடக்கிவிடும் கணக்கு அது. ஈயமில்லாச் சால்டருக்கென ஐபிசி-4101 என்ற லேமினேட் தரநிலையில் வந்த, தூள் சேர்த்த வகைகளுக்கு இந்த எண்ணின் உச்சவரம்பு, வகையைப் பொறுத்து, 3 முதல் 4 சதவீதம். சிதையும் வெப்பநிலையும், 288 டிகிரியில் எத்தனை நிமிடம் அடுக்குப் பிரியாமல் தாங்கும் என்பதும் அடுத்த இரண்டு.

தாள் சொல்வதைச் செம்புச் சுவர் ஒப்புக்கொள்கிறதா என்பதற்குத் தனிச் சோதனை. நூற்றுக்கணக்கான துளைகளைத் தொடராக இணைத்த சோதனைத் துண்டில் மின்சாரம் பாய்ச்சி மூன்று நிமிடத்தில் 150 டிகிரிக்கு ஏற்றுவார்கள். இரண்டு நிமிடம் காற்றூதி ஆறவைப்பார்கள். மின்தடை 10 சதவீதம் கூடினால் துண்டு தோற்றது. சுழற்சி தொடங்கும் முன் துண்டை ஆறு தடவை 260 டிகிரிக்குக் கொண்டுபோய் வருவது வழக்கம், அசெம்ப்ளியில் படும் பாட்டை முன்கூட்டியே படவைக்க. சூடாக இருக்கும்போதே மின்தடையை அளப்பதால், மேசை மீட்டரை ஏமாற்றிய விரிசல் இதில் மாட்டிக்கொள்ளும்.

வடிவமைப்பவர் கையிலும் சில துருப்புகள் உண்டு. போர்டைத் தேவைக்கு மேல் தடிக்க வைக்காதது, துளையைத் தடிமனுக்கு ஏற்ற விட்டத்தில் போடுவது, முலாமைக் குறைந்தது 25 மைக்ரான் கேட்பது. இவை எல்லோரும் அறிந்தவை. ஆனால் இடநெருக்கடி வந்ததும் முதலில் பலியாவதும் இவையே.

கொடுத்த விலை

தூள் சேர்த்து, நோவோலாக்கால் இறுக்கி, டிஜியை உயர்த்திய பலகை கடினமானது. அதே அளவுக்கு நொறுங்குவதும் ஆனது. துளையிடும் ஊசி சிலிக்காவில் சீக்கிரம் மழுங்குகிறது. மழுங்கிய ஊசி துளைச் சுவரைக் கீறி, கண்ணாடி நூலை ஒட்டி விரிசல் போடுகிறது. செம்புத் தகட்டின் ஒட்டு பலம் குறைகிறது. இவற்றையெல்லாம் விட எரிச்சலூட்டுவது, சிப்பைப் போர்டோடு இணைக்கும் சால்டர் பந்துகளின் கீழே வரும் பழுது. போர்டு வளைந்தாலோ கீழே விழுந்தாலோ, முன்பு வளைந்துகொடுத்த பிசின் இப்போது செம்புப் பட்டைக்குக் கீழே கிண்ணம் போல் பிளந்துகொள்கிறது. சாக்-305 பழைய சால்டரைவிட விறைப்பானது என்பதால் அதிர்ச்சி குறையாமல் கீழே இறங்குகிறது. சால்டர் முழுசாக இருக்கிறது, செம்பு முழுசாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் பிடித்த பிசின் பிளந்து கிடக்கிறது. எக்ஸ்ரேயில் தெரியாது, சாயம் ஊற்றி, பிய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதைப் பார்த்துவிட்டுச் சிலர் பழைய டைசிப் பலகையே மேல் என்பார்கள். கையில் வைத்துப் பயன்படுத்தும், மெல்லிய, சில அடுக்குகளே உள்ள, அடிக்கடி கீழே விழும் கருவிக்கு அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அங்கே தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. துளைச் சுவர் அறுவதைவிடக் கிண்ணப் பிளவு பெரிய அபாயம். இருபது அடுக்குச் சர்வர் போர்டில் அதே வாதத்தைப் பேச முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே லேமினேட்டைக் குறிப்பிட்டுவிட்டுக் கொள்முதல் வேலையை எளிதாக்கிக்கொள்ளும் பழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை.

இன்று இந்தப் போராட்டம் சிப்பின் அடித்தளப் பலகைக்கு நகர்ந்திருக்கிறது. சிலிக்கானின் விரிவு 2.6 முதல் 3 பிபிஎம். அதை நேரடியாகத் தாங்கும் மெல்லிய பலகை அதிகம் விரிந்தால் பேக்கேஜ் (சிப்பும் பலகையும் சேர்ந்த உறை) வில்லாக வளைகிறது. அதனால் இங்கே சாதாரணக் கண்ணாடியை விட்டு, 2.8 பிபிஎம் மட்டும் விரியும் டி-கிளாஸ் துணிக்குப் போகிறார்கள். பிசினில் தூளையும் நிறைக்கிறார்கள். பலகை மெல்லிசு, துளைகள் லேசரில் போட்ட ஆழமில்லாத குழிகள். தடிமன் விரிவு இங்கே பெரிய தொல்லை தராது. ஆனால் சிப்புக்கு நெருக்கமாக இறக்கிய இந்த அடித்தளம், கீழே 15 பிபிஎம் விரியும் தாய்ப்போர்டின் மேல்தான் உட்கார வேண்டியிருக்கிறது. பேக்கேஜ் பெரிதாகப் பெரிதாக அந்த வேறுபாடு முழுவதும் நான்கு மூலைகளிலும் உள்ள சால்டர் பந்துகளின் தலையில் விழுகிறது. அடித்தளத்தின் விரிவைச் சிப்புக்குப் பக்கத்தில் எவ்வளவு வைப்பது, போர்டுக்குப் பக்கத்தில் எவ்வளவு விடுவது என்று ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.